டிரெய்லர் இழுத்துப் போகும் நெடும்பயணம்: ஸ்டெப்னியை நம்பலாமா, எங்கே வைப்பது?

கேள்வி: நெடுவழி

வணக்கம். பழைய இரட்டை அச்சு கேரவன் ஒன்றை வாங்கியிருக்கிறோம். சாமான், தண்ணீர், எரிவாயு எல்லாம் ஏற்றி எடை போட்டதில் 2,800 கிலோ வந்தது. அதில் 300 கிலோ காரின் கொக்கியில் இறங்குகிறது. டயர் அளவு எஸ்.டி. (டிரெய்லருக்கென்றே செய்யும் வகை) 205/75 ஆர் 14, காற்று 50 பி.எஸ்.ஐ. ஓடுகிற நான்கு டயர்களையும் புதிதாக மாற்றிவிட்டேன். அடுத்த மாதம் பல நாள் பயணம். ஆள் நடமாட்டமே இல்லாத சாலைகள் நிறைய வரும்.

சந்தேகமெல்லாம் ஸ்டெப்னியைப் பற்றித்தான். கேரவனின் பின் பம்பரில் ஒரு டயர் தொங்குகிறது. வண்டியோடு வந்தது, ஒருநாளும் ஓடியதில்லை என்று விற்றவர் சொன்னார். பட்டன்கள் புதிதுபோல் இருக்கின்றன. இதை அப்படியே நம்பிக் கிளம்பலாமா? அதை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டுமா? காரில் இருப்பது மெலிந்த தற்காலிகச் சக்கரம். பஞ்சர் ஒட்டும் பெட்டியும் சின்ன கம்ப்ரசரும் இருந்தால் போதும், ஸ்டெப்னியே வேண்டாம் என்று என் மைத்துனர் சொல்கிறார். இழுத்துப் பழகிய பெரியவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி: காற்றழுத்தம்

முதலில் டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எண் வரிசையைப் பாருங்கள். கடைசி நான்கு இலக்கங்கள்தான் டயரின் பிறந்த தேதி. 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஒரு பக்கத்தில் முழு எண் இல்லையென்றால் மறுபக்கத்தில் இருக்கும். அது தெரியாமல் மேற்கொண்டு பேசிப் பயனில்லை.

மறுமொழி: பட்டறைக்காரர்

தம்பி, டயர் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இப்போது நானும் மனைவியும் கேரவன் இழுத்துக்கொண்டு சுற்றுகிறோம். நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அந்த "ஒருநாளும் ஓடியதில்லை" என்ற சொல். அதை எல்லோரும் நற்சான்றாகவே சொல்கிறார்கள். டயர் விஷயத்தில் அது எச்சரிக்கை.

ரப்பரில் ஓசோன் தாக்காமலிருக்க மெழுகும் சில வேதிப்பொருள்களும் கலந்திருக்கும். டயர் உருண்டு, சூடாகி, நெளியும்போது அவை உள்ளிருந்து மேல்பரப்புக்குக் கசிந்து வந்து ஒரு படலமாக நிற்கும். ஓடாத டயரில் இந்தக் கசிவு மந்தமாகிவிடும். மேலே இருக்கும் படலம் வெயிலிலும் மழையிலும் போய்விட்டால் புதிதாக வந்து சேர்வதும் குறைவு. அதனால்தான் பம்பரில் தொங்கும் ஸ்டெப்னியில் பட்டன் புதிதாக இருக்கும்போதே பக்கச் சுவரிலும் பட்டன்களின் அடிப்பள்ளத்திலும் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். கட்டைவிரலால் பக்கச் சுவரை அழுத்தி வளைத்துப் பாருங்கள். வெடிப்புகள் வாய் திறந்தால் அந்த டயரின் காலம் முடிந்துவிட்டது.

வெடிப்பு தெரியவில்லை என்பதற்காகவும் நம்பிவிடக் கூடாது. உள்ளே எஃகுக் கம்பிப் பட்டைகளும் ரப்பரும் ஒட்டியிருக்கும் இடத்தில் பிடிப்பு தளர்வது வெளியிலிருந்து கண்ணுக்குப் படாது. கார் டயருக்கு ஐந்து வருடம் தாண்டியதும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து வருடத்தில் எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் பலர் சொல்கிறார்கள். டிரெய்லர் டயருக்கு நான் அவ்வளவு காலம் கொடுக்க மாட்டேன். பாரம் எப்போதும் உச்சத்துக்கு அருகில் இருக்கும், மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும், திருப்பத்தில் இரட்டை அச்சு டயர்கள் பக்கவாட்டில் அரைபடும். ஐந்திலிருந்து ஆறு வருடம், அவ்வளவுதான். ஸ்டெப்னிக்கும் அதே கணக்குதான். நான்கு டயர் மாற்றும்போது ஐந்தாவதையும் மாற்றிவிடுங்கள் என்று பட்டறைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது எனக்கு.

இனி உங்கள் மைத்துனர் சொன்னது. ஆணி குத்தினால் பஞ்சர் பெட்டி உதவும், கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டிரெய்லர் டயர் பெரும்பாலும் ஆணியால் சாவதில்லை. காற்று குறைவு, பாரம் அதிகம், வேகம் அதிகம் என்று மூன்றும் சேர்ந்து சூடாகி, பட்டன் பட்டை உரிந்து வெடிக்கும். அப்படிக் கிழிந்ததை ஒட்ட எந்தப் பசையும் கிடையாது. அதுவும் ஓட்டுகிறவருக்கு இது உடனே தெரியாது. இரட்டை அச்சில் ஒரு டயர் போனாலும் பக்கத்து டயர் வண்டியைத் தாங்கிக்கொண்டே ஓடும். எங்கள் கேரவனில் இடது பின்பக்க டயர் உரிந்தபோது எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்ததைப் பார்த்துத்தான் ஓரம் கட்டினோம். அதற்குள் உரிந்த பட்டை சாட்டைபோல் சுழன்று சக்கர வளைவைக் கிழித்து, பிரேக்குக்குப் போகும் மின்கம்பியையும் அறுத்திருந்தது. எனவே டயர் வெடித்தால் ஸ்டெப்னியை மாட்டியதும் கிளம்பிவிடாதீர்கள். கீழே குனிந்து கம்பிகள், எரிவாயுக் குழாய், தரைத்தகடு எல்லாவற்றையும் பாருங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2,800 கிலோவில் கொக்கியில் 300 போக, நான்கு டயர்கள் மீது 2,500. ஒரு டயருக்குச் சராசரியாக 625 கிலோ. உங்கள் அளவில் பாரக் குறியீடு 100 என்று போட்டிருந்தால் ஒரு டயர் தாங்குவது 800 கிலோ. ஒன்று வெடித்த கணத்தில் அதே பக்கத்து டயர் தலையில் 1,250 கிலோ இறங்குகிறது. தாங்கக்கூடியதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். சில கிலோமீட்டர் அப்படி ஓடியிருந்தால் அந்த டயரும் உள்ளுக்குள் நொந்துபோயிருக்கும், வெளியே எதுவும் காட்டாது. நான் அன்று ஸ்டெப்னியை மாட்டி மெதுவாக அடுத்த ஊர் வரை போய், அங்கே இரண்டு டயர் வாங்கினேன். வெடித்ததற்கு ஒன்று, அதன் பக்கத்தில் நல்லதுபோல் நின்றதற்கு ஒன்று. உங்கள் பாதையில் ஊர்களுக்கு இடையே தூரம் அதிகம் என்கிறீர்கள். அப்படியானால் கேரவனுக்கு இரண்டு ஸ்டெப்னி வைத்துக்கொள்வது வீண்செலவே இல்லை. இரண்டாவதற்கு ரிம் வேண்டும் என்றுகூட இல்லை. வெறும் டயராகக் கொண்டுபோனால் வழியில் எந்தப் பட்டறையிலும் ஏற்றித் தருவார்கள்.

காற்றைப் பற்றி. ஸ்டெப்னியில் எப்போதும் பக்கச் சுவரில் அச்சிட்ட உச்ச அளவுக்குக் காற்று இருக்கட்டும். உங்களுக்கு அது 50 பி.எஸ்.ஐ. அதிகமானால் சாலையோரத்தில் இறக்கிவிடலாம், குறைவானால் ஏற்றுவதற்குள் பொழுது போய்விடும். நல்ல டயரிலும் மாதத்துக்கு ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. தானாகக் கசியும். ஒரு வருடம் தொடாமல் விட்டால் 50 இருந்த இடத்தில் 38 இருக்கும். தட்பவெப்பமும் சேரும்: 10 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் இந்த அழுத்தத்தில் 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கும். ஆகவே காலையில், வெயில் படுவதற்கு முன், வண்டி ஓடாதபோது அளக்க வேண்டும். காலால் உதைத்துப் பார்ப்பது அளவே இல்லை. அளவுமானியை மற்ற நான்கு டயர்களுக்கு வைக்கும்போதே ஐந்தாவதற்கும் வையுங்கள். உறைக்குள் வால்வு பின்பக்கம் திரும்பியிருந்தால் யாரும் அளக்க மாட்டார்கள். வால்வு வெளியே பார்க்கும்படி மாட்டுங்கள், அல்லது நீட்டிப்புக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைதான். உங்களுக்கு அது போதும். 80 பி.எஸ்.ஐ. டயர் வைத்திருப்பவர்கள் உயர் அழுத்த வால்வோ உலோக வால்வோதான் போட வேண்டும்.

சரி, எங்கே வைப்பது? பின் பம்பரில் வைப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கேரவன்களின் பின் பம்பர் பலவற்றில் மெல்லிய தகட்டில் செய்த சதுரக் குழாய். மேடுபள்ளத்தில் ஸ்டெப்னி குதிக்கக் குதிக்க, வெல்டிங் வைத்த இடம் களைத்து விரியும். டயரோடு பம்பரே கழன்று சாலையில் விழுந்த வண்டிகள் பட்டறைக்கு வந்திருக்கின்றன. பின்னால் வரும் வாகனத்தை நினைத்துப் பாருங்கள். எடைக் கணக்கும் இருக்கிறது. ரிம்மோடு 20 கிலோ என்று வையுங்கள். அச்சுக்கு இரண்டரை மீட்டர் பின்னால் தொங்கி, கொக்கி ஐந்து மீட்டர் முன்னால் இருந்தால், கொக்கி எடையில் 10 கிலோவை அது தூக்கிவிடும். அதே டயரை முன்னால் உள்ள முக்கோணச் சட்டத்தின் மேல், அச்சுக்கு நான்கு மீட்டர் முன்னால் வைத்தால் 16 கிலோ கூடும். மொத்த வித்தியாசம் 26 கிலோ. கொக்கி எடை மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். உங்களுடையது 300, அதாவது 11 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் கீழே. கீழ் எல்லையை ஒட்டி நிற்கிறீர்கள். பின்னால் எடை குறைந்து முன்னால் கூடுவது, ஓடும்போது கேரவன் பக்கவாட்டில் அலையும் வால் ஆட்டத்தைத் தணிக்கும். ஆனால் காரின் கொக்கிக்கு உரிய உச்ச வரம்பை முதலில் பார்த்துவிடுங்கள்.

என் கேரவனில் ஸ்டெப்னி தரைக்கு அடியில், அச்சுக்குச் சற்று முன்னால், இழுத்து வெளியே எடுக்கும் தட்டில் இருக்கிறது. வண்டியின் நடுவே எடை, வெயிலும் படாது. குறை என்னவென்றால் சேறும் உப்பும் அங்கேதான் போய்ச் சேரும். எனவே ஒவ்வொரு நெடும்பயணத்துக்கு முன்னும் தட்டை முழுதாக வெளியே இழுத்து, கழுவி, எண்ணெய் விட்டு, திரும்ப உள்ளே தள்ள வேண்டும். அதைச் செய்ய மனமில்லாதவர்கள் அடியில் வைக்க வேண்டாம்.

மறுமொழி: படகோட்டி

பட்டறைக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் இழுப்பது படகு டிரெய்லர். சக்கரத்தின் குடமே தண்ணீரில் முங்குவதால் எங்களுக்கு டயரைவிட பேரிங் அடிக்கடி போகும். அதனால் ஸ்டெப்னியைச் சட்டத்தில் மாட்டும் இடத்திலேயே, கிரீஸ் அடைத்த பேரிங்கோடு ஒரு முழுக் குடத்தைப் பொருத்தி, அதன் மேல் சக்கரத்தை மாட்டி வைத்திருக்கிறேன். சாலையோரத்தில் பேரிங்கைத் தட்டி இறக்கி ஏற்றுவதைவிடக் குடத்தோடு மாற்றுவது எளிது. கேரவனில் பிரேக் டிரம்மும் சேர்ந்து வருவதால் எடை கூடும், ஆனாலும் பேரிங், எண்ணெய் சீல், கிரீஸ், காட்டர் பின் ஆகிய நான்கையும் டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் இடங்களிலெல்லாம் வெப்பமானியை நீட்டி ஒவ்வொரு குடத்தையும் டயரையும் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அங்கே ஏதோ நடக்கிறது.

நெடுவழி

எல்லோருக்கும் நன்றி. பட்டறைக்காரர் அண்ணா, எண்ணைப் பார்த்தேன்: 2314. உறையை எடுத்ததும் பக்கச் சுவரில் வெடிப்பும் தெரிந்தது. காற்று 22 பி.எஸ்.ஐ. புது டயருக்குச் சொல்லிவிட்டேன், கூடவே ரிம் இல்லாமல் இன்னொன்றும்.

இரண்டு கேள்விகள். கேரவனில் ஓடுபவை அலாய் ரிம், ஸ்டெப்னி இரும்பு ரிம். ஏதாவது சிக்கல் வருமா? காரின் தற்காலிகச் சக்கரத்தை என்ன செய்வது?

மறுமொழி: பட்டறைக்காரர்

2014இல் செய்த டயர், 22 பி.எஸ்.ஐ. அதை மாட்டிக்கொண்டு பாரத்தோடு ஓடியிருந்தால் பக்கச் சுவர் நெளிந்து சூடேறி, இரண்டாவது முறையும் சாலையோரத்தில் நின்றிருப்பீர்கள். மாற்றியது நல்லது.

ரிம் விஷயத்தைப் பேசித் தீர்க்க முடியாது, மாட்டிப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். போல்ட்டு வட்டம் ஒன்றாக இருக்கலாம், நடுத்துளை குடத்தில் உட்காராமல் போகலாம். அலாய்க்கான நட்டு சிலவற்றில் நீளமாக இருக்கும், இரும்பு ரிம்மின் கூம்புப் பள்ளத்தில் சரியாகப் பதியாது. பதியாத நட்டு இறுகியதுபோல் தோன்றி, ஓடியபின் தளரும். ஒருவேளை இரும்புக்கு வேறு நட்டு வேண்டுமென்றால் அந்தத் தொகுதியை ஸ்டெப்னியோடேயே ஒரு பையில் கட்டி வையுங்கள்.

அதனால் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சக்கரத்தை முழுதாக மாற்றிப் பாருங்கள். காரோடு கோத்த நிலையிலேயே செய்ய வேண்டும், அதுதான் முக்கியம். சாலையில் கேரவனைக் கழற்றி வைத்துக்கொண்டு டயர் மாற்றக் கூடாது. கார்தான் அதற்கு நங்கூரம். கைப்பிரேக் போட்டு, மறுபக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்து, நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்திவிட்டு, அப்புறம்தான் ஜாக்கி. கார் ஜாக்கியை கேரவனுக்கு நம்ப வேண்டாம். பாரத்துக்கு உரிய பாட்டில் ஜாக்கி, அடியில் தடித்த பலகை. தூக்குவது எங்கே என்பதை உங்கள் கேரவனின் கையேடு சொல்லும். அச்சுக்குழாயின் நடுவில் மட்டும் வைக்காதீர்கள், வளைந்துவிடும். காற்றுப்போன டயரைக் கழற்றும் உயரம் வேறு, காற்று நிறைந்த ஸ்டெப்னியை உள்ளே நுழைக்கும் உயரம் வேறு. ஜாக்கி அந்த இரண்டாவது உயரத்துக்கு எட்டுகிறதா என்பது வீட்டில் செய்து பார்த்தால்தான் தெரியும். நல்ல டயரைச் சாய்கட்டையில் ஏற்றி, பக்கத்து டயரை அந்தரத்தில் தூக்கும் வழியும் உண்டு. ரப்பர் முறுக்கு அச்சுகளில் நன்றாக வேலை செய்யும். பட்டை ஸ்பிரிங் அச்சுகளில் நடுவிலுள்ள சமன்சட்டம் சாய்ந்து கொடுத்துவிடுவதால் சிலவற்றில் போதிய உயரம் கிடைக்காது. இதையும் முன்பே பாருங்கள்.

காருக்கு வருகிறேன். அந்தத் தற்காலிகச் சக்கரம் 60 பி.எஸ்.ஐ. காற்றில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தோடு நிற்பது. இழுவைக்கு அது ஆகாது என்று கார்க் கையேடுகள் பல வெளிப்படையாகவே சொல்கின்றன. உங்கள் காரின் பின்சக்கரங்கள் மீது 300 கிலோ கொக்கி எடை இறங்குகிறது. அங்கே அந்த மெல்லிய சக்கரத்தை மாட்டி இழுப்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. நான்கு சக்கர இயக்கமுள்ள காரானால் விட்ட வித்தியாசம் டிஃபரன்ஷியலையும் அரைக்கும். ஓடுகிற அளவிலேயே முழுச் சக்கரம் ஒன்று வாங்குங்கள். காரில் இடம் இல்லையென்றால் கேரவனுக்குள், அச்சுக்கு நேர்மேலே தரையில் படுக்கவைத்து, தரைக்கொக்கிகளில் நாடா போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

காரின் ஸ்டெப்னி அடியில் கம்பிவடத்தில் தொங்குகிற வகையானால் இன்னொரு தொல்லை: பம்பர் துளை வழியாக விடும் நீளக் கம்பியை, கோத்திருக்கும் கேரவனின் முன்சட்டமும் முன்காலும் மறிக்கும். இறக்கினாலும் சக்கரம் வெளியே வர இடம் இருக்காது. கம்பிவடம் துருப்பிடித்து இறங்கவே மறுப்பதும் உண்டு.

நட்டை இறுக்குவது நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் திருகி), உங்கள் ரிம்முக்குச் சொன்ன அளவில். அரை அங்குல போல்ட்டு உள்ள டிரெய்லர்களுக்குப் பொதுவாக 120 முதல் 160 நியூட்டன் மீட்டர். போல்ட்டில் கிரீஸ் தடவாதீர்கள். தடவினால் அதே அளவில் நட்டு மிகையாக இறுகிப் போல்ட்டை இழுத்துவிடும். மாட்டியபின் 15, 40, 80 கிலோமீட்டரில் நின்று மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

நெடுவழி

இன்று கோத்த நிலையிலேயே மாற்றிப் பார்த்தோம். நடுத்துளை சரி, ஆனால் அலாய் நட்டு இரும்பு ரிம்மில் பதியவில்லை. தனித் தொகுதி வாங்கிப் பையில் கட்டிவிட்டேன். ஜாக்கி ஒரு கை உயரம் போதவில்லை, இரண்டாவது பலகை வைத்ததும் எட்டியது. பம்பரிலிருந்து டயர் தாங்கியைக் கழற்றியபோது இடதுபக்க வெல்டிங் ஓரத்தில் துரு ஓடிய கோடு ஒன்று இருந்தது. புது ஸ்டெப்னி இனி முக்கோணச் சட்டத்தின் மேல், வால்வு வெளியே பார்க்கும்படி. கொக்கி எடை இப்போது 326. காரின் வரம்பு 350.

வேகத்தைப் பற்றி ஒன்று: புது டயரில் பாரக் குறியீட்டுக்குப் பக்கத்தில் 'எம்' எழுத்து இருக்கிறது. அதற்கு ஏற்ற வேகத்தில் போகலாமா?

மறுமொழி: பட்டறைக்காரர்

எம் என்றால் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை டயர் தாங்கும் என்று பொருள், எல் என்றால் 120. எழுத்தே போடாத பழைய எஸ்.டி. டயர்களுக்கு 105தான் வரம்பு. டயர் தாங்குகிற வேகம் வேறு, உங்கள் கேரவனும் பிரேக்கும் காற்றும் அனுமதிக்கிற வேகம் வேறு. நான் 90ஐத் தாண்டுவதில்லை. முழுப் பாரத்தோடு வெயிலில் ஓடும் நாளில் அதற்கும் கீழே.

326 நல்ல எண். ஆனால் கொக்கியில் 24 கிலோ இடம்தான் மீதி. முன்பக்கப் பெட்டியில் இன்னொரு எரிவாயு உருளையோ தண்ணீர்க் கேனோ ஏற்றினால் திரும்ப எடை போடுங்கள். ரிம் இல்லாத அந்த இரண்டாவது டயரையும் அச்சுக்கு மேலேயே வையுங்கள், முன்பக்கம் வேண்டாம்.